கோர்க்கா மலையில் எனக்குச் சோறு போட்டவர்களுக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நேபாளத்திலிருந்து ஒரு போன். நான் தங்கியிருந்த வீட்டுக்கு அரசாங்கத்தின் கடைசித் தவணைப் பணம் வந்துவிட்டதாம்; கூரை ஏறப்போகிறதாம். ரயில் டிக்கெட்டிலிருந்து ஸ்வெட்டர்வரை கொடுத்து, இடிந்த வீடுகளைக் கட்டும் வேலைக்கு என்னை அனுப்பிவைத்த உங்களுக்கும், அங்கே என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் ஒன்றாக நன்றி சொல்ல இதைவிட நல்ல நேரம் அமையாது.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அளவு 7.8, மையம் கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக், கிட்டத்தட்ட 9,000 உயிர்கள். நான் போனது 2017 மழைக்காலம் முடிந்ததும், பார்பாக்குக்குக் கீழே உள்ள குருங் இன மக்கள் வாழும் ஒரு கிராமத்துக்கு. இரண்டு வருஷம் கழித்துப் போய் என்ன கிழிக்கப்போகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அங்கே வீடு கட்டும் வேலை அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. அரசு ஒரு வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகத் தந்தது. தொடங்க 50,000, கடைக்கால் சரி என்று இன்ஜினியர் எழுதிக்கொடுத்தால் ஒன்றரை லட்சம், சுவர் எழுந்தபின் மீதி. பணம் வந்தாலும் ஆள் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் பெரும்பாலும் கத்தாரிலும் மலேசியாவிலும் இருந்தார்கள்.

முதல் நன்றி அந்த வீட்டம்மாவுக்கு. வீடு என்கிறேனே தவிர, அப்போது அது ஒரு தகரக் கொட்டகை. நடுவில் தடுப்பு வைத்து, அடுப்பை ஒட்டிய கதகதப்பான பாதியை எனக்கு ஒதுக்கிவிட்டு, அவரும் மாமனாரும் மகளும் காற்றடிக்கும் பக்கம் படுத்தார்கள். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சைகையில் எத்தனை முறை சொன்னாலும் புரியாத மாதிரியே இருந்துவிட்டார். நன்றாகவே புரிந்தது, எனக்குத் தெரியும்.

அவருடைய மகன் கோலாலம்பூரில் செக்யூரிட்டி. தினமும் தமிழர் கடையில் சாப்பிடுகிற பையன். முதல் நாள் இரவே போனில் வந்து, "அண்ணே, சாப்டாச்சா?" என்றான். அந்த மலையில் அதைக் கேட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. அதற்கப்புறம் எனக்கும் அம்மாவுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளன் அவன்தான். "இவங்களுக்குப் புளிப்பு இல்லாம சோறு இறங்காது" என்று எதையோ சொல்லிவைத்தான் போல. மறுநாளிலிருந்து பருப்பும் சோறுமாக வந்த தட்டின் ஓரத்தில் லப்சி என்ற புளிப்புக் காயின் ஊறுகாய் தவறவே இல்லை. சில ராத்திரி டிண்டோ கிண்டுவார். நம்ம ஊர்க் கேழ்வரகுக் களியேதான், கூடவே புளிக்க வைத்துக் காயவைத்த கீரையில் குழம்பு. தம்பி, ராத்திரி ஷிப்டுக்கு நடுவிலும் போனை எடுத்தாயே, உனக்குத் தனியாக ஒரு நன்றி.

வேலைக்கு வருகிறேன். சிவில் டிப்ளமா வைத்திருக்கிறேன் என்ற மிதப்போடுதான் போனேன். மண்சாந்தில் கல் வைத்துச் சுவர் எழுப்பக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஊர்க் கொத்தனார். பழைய சுவர்கள் பல, உள்ளும் புறமும் இரண்டு அடுக்காகக் கல் வைத்து நடுவில் சில்லு போட்டு நிரப்பியவை. நிலம் ஆடியதும் அடுக்கு இரண்டும் பிரிந்து சரிந்துவிட்டன. இப்போது இடைக்கிடை சுவரின் முழு அகலத்துக்கும் ஒரு நீளக்கல்லைக் குறுக்கே வைக்கிறார்கள். கடைக்கால், ஜன்னல், லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேல்) மட்டங்களில் சுவரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் பட்டை, அதாவது பெல்ட், ஓடுகிறது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு கல்லை இரண்டு தடவை உருட்டிப் பார்த்து எந்த முகம் உட்காரும் என்று சொல்வது அவர் கையில் மட்டும்தான் இருந்தது. நான் வைத்த கற்களில் பாதியை முகம் கோணாமல் பிரித்து மறுபடி வைத்தார்.

அந்தக் கற்களைச் சுமந்து வந்தது பெண்கள். டோக்கோ கூடையை முதுகில் ஏற்றி, நெற்றிப் பட்டையில் பாரம் தாங்கி, பேசிச் சிரித்தபடி ஏறுவார்கள். நீங்கள் பார்த்த போட்டோக்களில் கரணையோடு நிற்பது நான். அவர்கள் யாரும் அதில் இல்லை. அதனால் இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்புறம் தலைமை ஆசிரியர். நிலநடுக்கம் வந்தது சனிக்கிழமை நண்பகல். அங்கே வார விடுமுறை சனிதான். பள்ளிக்கூடம் தரைமட்டமானது, உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை. இதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் கட்டடத்தைப் பார்க்காமல் சொன்னார். திஹார் பண்டிகையின் கடைசி நாள், சகோதரிகள் சகோதரர்களுக்குத் திலகமிடும் நாள். அன்று வீட்டம்மாவின் மகள் என்னையும் உட்காரவைத்து, சுற்றிலும் எண்ணெய் விட்டு, வாசலில் வால்நட் உடைத்து, நெற்றியில் ஏழு நிறத் திலகமும் கழுத்தில் வாடாமல்லி மாலையும் இட்டபோது, தங்கைக்குச் சீர் வைக்கக் கையில் நேபாள நோட்டு இல்லாமல் விழித்தேன். பின்னாலிருந்து பணத்தைத் திணித்தவர் இவர்தான். திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்.

இங்கே அப்பாவைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், சம்பளமில்லா விடுப்பை முணுமுணுக்காமல் கொடுத்த மேனேஜருக்கும் நன்றி. கணக்கும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கொடுத்ததில் மிஞ்சியது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் போனது. பில் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் அனுப்புகிறேன். அடுத்த தசைன் பண்டிகைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்லுங்கள், வீட்டம்மாவுக்கு இரண்டு கிலோ புளி கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த விருந்தாளியும் தமிழனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.