கோப்ரா கையில் இருந்தாலும் எட்டு மாதக் கெடு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் 65 வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர்ந்து, 67, 68 வயதில் ஓய்வு பெறும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் விஷயத்தில் இவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "வேலையை விட்டாலும் கோப்ரா 18 மாதம் இருக்கிறதே, அது முடிகிறபோது பார்ட் பி எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். கோப்ரா என்பது வேலையை விட்ட பிறகும் பிரீமியத்தை நாமே கட்டி நிறுவனக் காப்பீட்டைத் தொடரும் வசதி; பார்ட் பி என்பது மெடிகேரில் மருத்துவர், வெளிநோயாளிச் செலவுகளுக்கான பகுதி. படித்தவர்கள், வரிக் கணக்கைத் தாங்களே போடுகிறவர்கள்கூட இப்படித்தான் நினைக்கிறார்கள். இது தவறு என்று தெரியவரும்போது சரிசெய்ய நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

65 வயதில் பார்ட் பி எடுக்காமல் தள்ளிப்போடலாம். ஆனால் நீங்களோ உங்கள் துணையோ அப்போது வேலையில் இருந்து, அந்த வேலையின் பேரில் காப்பீடு வந்துகொண்டிருக்க வேண்டும். வேலை முடிவதும் காப்பீடு முடிவதும் வெவ்வேறு தேதிகளில் வந்தால், முந்தி வருவதற்கு அடுத்த மாதத்திலிருந்து, அபராதமில்லாமல் பார்ட் பி-யில் சேர்வதற்கான எட்டு மாத அவகாசம் ஓடத் தொடங்கும். கோப்ரா, ஓய்வுபெற்றவர்களுக்கு நிறுவனம் தரும் காப்பீடு, வேலை போன பிறகு செவரன்ஸ் (பணிநீக்க ஈட்டுத்தொகை) காலத்தில் தொடரும் காப்பீடு எதுவும் இந்தக் கெடுவை நிறுத்தாது.

ஒருவருக்கு 67 வயது. 2026 ஜூன் 30-ஆம் தேதி வேலையும் காப்பீடும் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எட்டு மாதம் 2027 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு முடிந்துவிடும். கோப்ராவோ 2027 டிசம்பர் 31 வரை ஓடும். அதை நம்பி இருந்துவிட்டால், அடுத்த வாய்ப்பு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலான பொதுச் சேர்க்கைக் காலம்தான். 2028 ஜனவரியில் மனு போட்டால் பார்ட் பி பிப்ரவரி 1-ஆம் தேதி தொடங்கும். ஜனவரி முழுவதும் காப்பீடு கிடையாது. 19 மாதம் தாமதம் என்பதால் முழுதாக நிறைந்த ஒரு 12 மாதத்துக்கு 10 சதவீத அபராதமும் சேரும். 2026-இன் அடிப்படைப் பிரீமியம் மாதம் 202.90 டாலர், அந்தக் கணக்கில் அபராதம் மாதம் சுமார் 20 டாலர். பிரீமியம் ஏற ஏற இதுவும் ஏறும், பார்ட் பி இருக்கும்வரை கூடவே வரும்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை, கோப்ரா காலத்து மருத்துவமனை பில்கள். வேலையை விட்ட 65 வயதுக்காரருக்கு மெடிகேர்தான் முதலில் பணம் கட்ட வேண்டியது, கோப்ரா இரண்டாவது. நீங்கள் பார்ட் பி எடுக்கவில்லை என்றாலும், எடுத்திருந்தால் மெடிகேர் கட்டியிருக்கும் தொகையைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் தர பல திட்டங்களின் விதிகள் இடம் தருகின்றன. அங்கீகரித்த கட்டணம் 10,000 டாலர் என்றால், டிடக்டிபிள் (முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை) போக பார்ட் பி பொதுவாக 80 சதவீதம் கட்டும். அந்த 8,000 டாலர் உங்கள் தலையில் விழலாம். கோப்ராவுக்கு மாதாமாதம் முழுப் பிரீமியமும் கட்டிக்கொண்டிருந்தாலும் இதுதான் நிலை.

ஆகவே வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காப்பீடு இருக்கும்போதோ, அது முடிந்த பிறகு வரும் முதல் மாதத்திலோ மனு போட்டால், பார்ட் பி அந்த மாதமே தொடங்க வேண்டுமா, அடுத்த மூன்று மாதங்களில் ஒன்றில் தொடங்க வேண்டுமா என்று நீங்களே தேர்வு செய்யலாம். மேலே சொன்னவர் ஏப்ரலிலேயே மனு போட்டு ஜூலை 1 என்று கேட்கலாம். அதற்குப் பிறகு தாமதித்தால், மனு போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம்தான் தொடங்கும்.

படிவங்கள் இரண்டு. சிஎம்எஸ்-40பி நீங்கள் நிரப்புவது. அதில் குறிப்புகளுக்கு விட்டிருக்கும் இடத்தில், பார்ட் பி எந்த மாதம் தொடங்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் வேறு மாதம் விழுந்துவிடக்கூடும். சிஎம்எஸ்-எல்564 படிவத்தின் முதல் பகுதி உங்களுடையது, இரண்டாம் பகுதியை நிறுவனத்தின் ஹெச்.ஆர். நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். வழக்கமாகக் கோளாறு வருவது இங்கேதான். காப்பீடு தொடங்கிய தேதிக்கான கட்டம் காலியாக வரும். காப்பீடு முடிந்த தேதியில் கோப்ரா முடியும் தேதியை எழுதியிருப்பார்கள். வேலை முடிந்த தேதியும் காப்பீடு முடிந்த தேதியும் மாறிக் கிடக்கும். கையில் வாங்கியதும் ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். 65 வயதுக்குப் பிறகு இரண்டு, மூன்று நிறுவனங்களில் வேலை பார்த்திருந்தால் ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனி எல்564 வாங்க வேண்டும். பழைய நிறுவனத்தை இப்போதே தேடிப் பிடித்துவிடுவது நல்லது. அது மூடிப்போயிருந்தால், காப்பீட்டுப் பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகள், நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான டபிள்யூ-2, தொடக்கத் தேதி போட்ட காப்பீட்டு அட்டை, காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய பில் விளக்கத் தாள்கள் ஆகியவற்றைக் காட்டலாம். மனுவை சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய அலுவலகம்) இணையதளத்திலோ, தபாலிலோ, ஃபேக்ஸிலோ அனுப்பலாம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் உங்களை பார்ட் பி-யில் சேர்க்க முடியாது. அது சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் வேலை.

இலையுதிர் காலத்தில் டிவியில் ஓயாமல் விளம்பரம் வரும் அக்டோபர் 15 – டிசம்பர் 7 சேர்க்கைக் காலத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்கள் தங்கள் அட்வான்டேஜ் திட்டத்தையோ (தனியார் நிறுவனம் வழியாக வரும் மெடிகேர்) மருந்துத் திட்டத்தையோ மாற்றிக்கொள்வதற்கானது. அப்போது போய் பார்ட் பி கேட்டால் கிடைக்காது.

மருந்துக்கான பார்ட் டி-க்கு எட்டு மாதம் கிடையாது. காப்பீடு முடிந்த மாதத்துக்குப் பிறகு இரண்டே மாதம். ஜூன் 30-இல் முடிந்தால் ஆகஸ்ட் 31-க்குள் சேர்ந்து செப்டம்பர் 1 முதல் பெற வேண்டும். இடைவெளி 62 நாள். தொடர்ந்து 63 நாள் ஆகிவிட்டால், மருந்துக் காப்பீடு இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதம்; 2026-இல் அந்த அடிப்படை 38.99 டாலர். கோப்ராவின் மருந்துக் காப்பீடு மெடிகேருக்கு ஈடானதாக இருந்தால் பார்ட் டி-க்கு அது செல்லும், பார்ட் பி-க்குச் செல்லாது. இந்த வேறுபாடுதான் பலரைக் குழப்புகிறது. ஈடானது என்று திட்டம் ஆண்டுதோறும் அனுப்பும் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 65-ஐத் தாண்டியவர் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ-க்கு மனு போட்டால் அது ஆறு மாதம் பின்னோக்கித் தொடங்கும் (65 வயதான மாதத்துக்கு முன்னால் போகாது). 2026 ஏப்ரலில் மனு போட்டால் 2025 அக்டோபர் முதலே பார்ட் ஏ இருந்ததாகக் கணக்கு. அந்த அக்டோபர் முதல் நீங்களோ நிறுவனமோ எச்.எஸ்.ஏ.-யில் போட்டது அனுமதியை மீறிய பணமாகிவிடும்; எடுக்காமல் விட்டால் ஆண்டுக்கு 6 சதவீத வரி. 65-க்குப் பிறகு சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்கத் தொடங்கினாலும் பார்ட் ஏ தானாக வந்து சேரும், அப்போதும் இதே கதைதான். மனு போடப்போகும் மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே பிடித்தத்தை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

சிறிய கன்சல்டிங் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊழியர்கள் 20 பேருக்குக் குறைவா? குறைவு என்றால் வேலையில் இருக்கும்போதே 65 முதல் மெடிகேர்தான் முதலில் கட்டும். பார்ட் பி எடுக்காமல் இருந்தால் அபராதம் விழாது, ஆனால் நிறுவனக் காப்பீடு பெரும்பங்கைக் கட்ட மறுக்கலாம். இந்தப் பதிலை ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு நேர்எதிரான தவறு ஒன்று உண்டு. 65 ஆனதும் அவசரப்பட்டு பார்ட் பி எடுத்துவிடுவார்கள். மெடிகேர் கட்டியது போக மீதியைக் கட்டும் மெடிகேப் திட்டத்தை உடல்நலக் கேள்விகள் இல்லாமல் வாங்கும் ஆறு மாதம், 65-க்குப் பிறகு பார்ட் பி தொடங்கும் நாளில் ஆரம்பிக்கிறது. வேலையில் இருக்கும்போதே அது வீணாகிவிடும். பிறகு நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களையும் சில விதிவிலக்குகளையும் தவிர, சர்க்கரை நோயோ பைபாஸோ இருப்பவரை மெடிகேப் விற்கும் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.

துணைக்கு இன்னும் 65 ஆகவில்லை என்றால், அவருடைய காப்பீட்டையும் அன்றே யோசிக்க வேண்டும். கோப்ரா அவருக்கு நல்ல வழியாக இருக்கலாம். வேலையை விடுவதற்கு முந்தைய 18 மாதத்துக்குள் கணவர் மெடிகேரில் சேர்ந்திருந்தால், மனைவியின் கோப்ரா அந்த மெடிகேர் தேதியிலிருந்து 36 மாதம்வரை நீளலாம். மார்க்கெட்பிளேஸ் (அரசின் காப்பீட்டுச் சந்தை) திட்டம் வேண்டுமானால் காப்பீடு போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சேர வேண்டும்.

வருமானத்தைப் பொறுத்த கூடுதல் கட்டணமும் உண்டு. 2026-க்கு 2024-இன் வருமானத்தைப் பார்ப்பார்கள். தனிநபருக்கு 1,09,000 டாலர், கூட்டாக வரி கட்டுகிறவர்களுக்கு 2,18,000 டாலர் தாண்டினால் முதல் படியிலேயே பார்ட் பி பிரீமியம் மொத்தம் மாதம் 284.10 டாலர், தம்பதியில் ஒவ்வொருவருக்கும். ஓய்வு பெற்றதால் வருமானம் குறைந்திருந்தால் எஸ்எஸ்ஏ-44 படிவத்தில் அதைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். ஊரில் நிலம் விற்ற லாபத்தால் வருமானம் ஏறியிருந்தால் இந்தப் படிவம் உதவாது. நிலத்தை எந்த ஆண்டில் விற்பது என்பதை இதையும் மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க 40 காலாண்டு வேலை வேண்டும். துணையின் வேலை வழியாகவும் கிடைக்கலாம். இந்தியாவில் பார்த்த வேலை சேராது, இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை. 2026-இல் 30 முதல் 39 காலாண்டு இருப்பவருக்கு மாதம் 311 டாலர், அதற்கும் கீழே 565 டாலர். இரண்டு, மூன்று காலாண்டுதான் குறைகிறது என்றால் ஓய்வுத் தேதியைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

ஓய்வு பெற்றதும் ஆறு மாதம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள், மனு ஏற்கப்பட்ட கடிதம் வந்த பிறகு விமானம் ஏறுங்கள். சென்னை மருத்துவமனையில் மெடிகேர் பணம் கட்டாது, ஆனாலும் எட்டு மாதக் கெடு அங்கேயும் ஓடும். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இன்னும் வாங்காதவர்களுக்கு பார்ட் பி பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வரும். பூட்டிய வீட்டின் தபால் பெட்டியில் அது கிடந்து, பணம் கட்டாமல் காப்பீடே ரத்தாகிவிடக்கூடும். புறப்படுவதற்கு முன்பே வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மெடிகேர் மனுக்களில் உதவும் தன்னார்வலர் ஒருவர்,
நியூ ஜெர்சி