மேல்முறையீட்டில் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

எங்கள் தெருவில் வயதான தம்பதியைக் கொன்று, நகைகளை அள்ளிக்கொண்டு, வீட்டுக்குத் தீ வைத்த வழக்கில் மூவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. யார் யார் செய்த எந்த வேலை இதைத் தாங்கி நின்றது என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

"சிலிண்டர் கசிந்து தீப்பிடித்தது, புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள்" என்பதே எதிர்த்தரப்பின் பெரிய வாதம். அது நின்றிருந்தால் கொலைக் குற்றமே விழுந்திருக்கும். தீயணைப்பு வீரர்கள் ரெகுலேட்டர் மூடியிருந்ததைக் கண்டு, அன்றே அறிக்கையில் எழுதி வைத்தார்கள். கட்டிலருகே ஒன்று, பீரோவருகே ஒன்று எனத் தனித்தனியாகத் தீ மூண்ட தடங்களையும், நடுவில் கருகாத இடத்தையும் குறித்தார்கள்; யாரோ வைத்த தீ என்பதற்கு அதுவே அடையாளம்.

பிணக்கூறு செய்த அரசு மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வது! மூச்சுக்குழாயில் கரித்துகள் இல்லை, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறவில்லை. ஆகவே தீ மூளும் முன்பே மூச்சு நின்றுவிட்டது என்றார். "மண்டை சூட்டில் வெடித்திருக்கலாமே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். சூட்டால் மண்டைக்குள் சேரும் ரத்தம் பழுப்பு நிறத்தில், பஞ்சுபோல் துளைதுளையாக இருக்கும்; இங்கே கருஞ்சிவப்பாகக் கெட்டியாக, எலும்பு அமுங்கிய இடத்துக்கு நேர் கீழே உறைந்திருந்தது என்று நிதானமாக விளக்கினார். தீர்ப்பு பெரிதும் சாய்ந்து நிற்பது இந்தச் சாட்சியத்தின் மேல்தான்.

எரிந்த மெத்தைத் துண்டை மூடி இறுகும் தகர டப்பாவில் அடைத்து முத்திரையிட்ட தலைமைக் காவலரையும் மறக்க மாட்டோம். சாதாரண பாலித்தீன் பையில் கட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஆவி ஆய்வகம் போய்ச் சேருமுன் கசிந்திருக்கும். தீப்படாத அறையிலிருந்தும் ஒப்பிட ஒரு துண்டைத் தனி டப்பாவில் எடுத்தார். அதனால்தான் "மெத்தையிலேயே இருந்த ரசாயனம்" என்ற வாதம் எடுபடவில்லை.

தாலிச் சரட்டில் தாம் முன்பு பொடி வைத்துப் பற்றவைத்த இடத்தைக் கூண்டில் நின்று காட்டிய பத்தர், அடகுப் பேரேட்டை அப்படியே கொண்டுவந்த கடைக்காரர், பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) போட்ட கையெழுத்தை மறுக்காமல் நின்ற கிராம நிர்வாக அலுவலர் ஆகியோருக்கும் நன்றி. இப்படிப்பட்ட வழக்குகளில் மகஜர் சாட்சிகள் பிறழ்வது சாதாரணமாக நடப்பது. குற்றஞ்சாட்டப்பட்டவர் போலீசிடம் தரும் வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டும் பகுதி மட்டுமே செல்லும் என்பதால், அந்தக் கையெழுத்தின் கனம் பெரிது.

இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கிடைத்த எங்கள் வழக்கறிஞர் முதலிலேயே ஓர் உண்மையைச் சொன்னார்: பாதிக்கப்பட்டோர் விடுதலையை எதிர்த்தோ, சிறிய குற்றமாகக் குறைத்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதாதென்றோ மேல்முறையீடு செய்யலாம், தண்டனையைக் கூட்டக் கேட்டு முடியாது. தூக்கு வேண்டும் என்று கொதித்தவர்களிடம் இதைச் சொல்ல மனத்துணிவு வேண்டும். வீண் செலவும் மிச்சமாயிற்று. மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விடக் கோரும் மனு எதிர்த்தரப்பிலிருந்து வந்தபோதும் அவரே முந்திக்கொண்டார். இறுதி விசாரணையை மட்டும் எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் இந்த மனுவைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 430-வது பிரிவின்படி, இத்தகைய குற்றங்களில் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தந்தாக வேண்டும். சாட்சிகளுக்கு வந்த மிரட்டல்களைத் தேதிவாரியாகத் தொகுத்து எங்கள் தரப்பில் அரசு வழக்கறிஞரிடம் கொடுத்தார்கள். மனு தள்ளுபடியானது.

இருவர் மேல் இருந்த, கொள்ளையின்போது கொடிய ஆயுதம் பயன்படுத்துவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-வது பிரிவை நீதிமன்றம் நீக்கியதில் எங்களுக்கு வருத்தமில்லை. கொடிய ஆயுதத்தைத் தானே பயன்படுத்தியவருக்கோ, தானே கொடுங்காயம் விளைவித்தவருக்கோ, கொல்ல முயன்றவருக்கோதான் அந்தப் பிரிவு பொருந்தும். தாக்கப் பயன்பட்ட கம்பி ஒருவர் கையில் இருந்ததற்கு மட்டுமே சான்று இருந்தது.

உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு போடக் குற்றவாளிகளுக்கு 90 நாள் இருக்கிறது. ஆகவே ஆவணக் கட்டைப் பக்க எண் மாறாமல் பைண்டு செய்து தந்த தட்டச்சருக்கு இன்னும் வேலை வரலாம். இப்போதே நன்றி சொல்லிவிடுகிறோம். இழப்பீட்டு மனு கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருக்கிறது. இதுபோல் தவிக்கும் குடும்பங்கள் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்படிக்கு,
குடும்பத்தாரும் தெருவாசிகளும்
கடலூர்