விளம்பரத்தில் பிராசசர் நம்பரை முழுசாகப் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலேஜ் அட்மிஷன் சீசன் நெருங்கினால் லேப்டாப் விளம்பரங்கள் முழுப் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. ‘லேட்டஸ்ட் ஜெனரேஷன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த ஜெனரேஷன் என்பது பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. வீடுகளில் அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்குகிறது: இப்போதே வாங்கிவிடலாமா, ஆறு மாதம் பொறுத்தால் இதைவிட நல்லது வருமா?

பட்ஜெட் ரூ.50,000 முதல் 60,000 வரை என்றால், புதுச் சிப்புக்காக, அதாவது புதுப் பிராசசருக்காக, பொறுத்திருப்பதில் அர்த்தமே இல்லை. இன்டெல், ஏஎம்டி இரண்டும் புதிய லேப்டாப் சிப்புகளைப் பெரும்பாலும் ஜனவரியில், லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியை ஒட்டி அறிவிக்கும். 2026 ஜனவரியில் இன்டெல் கோர் அல்ட்ரா சீரிஸ் 3-ஐ அப்படித்தான் இறக்கியது. அவை முதலில் லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட மாடல்களில்தான் வரும். ரூ.50,000 அலமாரியைப் பாருங்கள்: ஐ5-12450எச், ஐ5-1334யு, ரைசன் 5 7530யு என்று 2022, 2023-ல் வந்த சிப்புகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்று மேடையில் காட்டுகிற சிப் அந்த அலமாரிக்கு இறங்கி வருவதற்குள் பழங்கஞ்சி ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பெயர். பழைய கள், புது மொந்தை. ஐ5-1235யு 2022-ல் வந்தது: இரண்டு பெரிய கோர் (சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி), எட்டு சிறிய கோர், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். 2023-ல் ஐ5-1335யு: அதே இரண்டு பெரியது, எட்டு சிறியது, 4.6 கிகாஹெர்ட்ஸ். 2024-ல் ‘ஐ’ என்ற எழுத்தை எடுத்துவிட்டு கோர் 5 120யு என்று பெயர் வைத்தார்கள். அதிலும் அதே பத்து கோர்தான், வேகம் 5.0. இரண்டு வருடம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது காகிதத்தில் 0.6 கிகாஹெர்ட்ஸ். அந்த உச்ச வேகமும் மெல்லிய லேப்டாப்பில் சூடு ஏறும்வரைதான் நிற்கும். ஐ5-12450எச்-க்கும் ஐ5-13420எச்-க்கும் வித்தியாசம் இன்னும் சுருக்கம்: இரண்டிலும் எட்டு கோர், 4.4-க்குப் பதில் 4.6. இந்த ஜோடியில் எது மலிவோ அதை எடுக்கலாம், மிச்சமாகிற பணத்தை ராமில் (மெமரியில்) போடலாம்.

ஏஎம்டியில் 7000 வரிசை வாங்குபவர்கள் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 7520யு என்றால் ‘2’, அதாவது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். 7540யு என்றால் ஜென் 4. மூன்றுமே விளம்பரத்தில் ‘ரைசன் 5 7000 சீரிஸ்’தான்! முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இரண்டு தலைமுறை இருக்கிறது. 7520யு-வில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது எல்பிடிடிஆர்5 மெமரியோடு மட்டுமே வேலை செய்யும். அந்த மெமரி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான்.

ராம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய அறிவுரை இப்போது செல்லாது. ‘8 ஜிபியில் எடுத்துக்கோங்க, அப்புறம் ஆயிரம் ரெண்டாயிரத்துல இன்னொரு 8 போட்டுக்கலாம்’ என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலை மளமளவென்று ஏறியது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகள்தான் உலக மெமரியில் பெரும்பங்கைச் செய்கின்றன. அவை தங்கள் உற்பத்தியை ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் திருப்பின. அந்த டிசம்பரில் மைக்ரான், கடையில் விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. புது ஃபேக்டரி கட்டி சிப் வெளியே வர வருடங்கள் ஆகும். ஆகவே ‘பொறுத்தால் விலை இறங்கும்’ என்ற கணக்கு மெமரிக்கும், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் இப்போது பலிக்காது. 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, தனியாக ஒரு 8 ஜிபி ஸ்டிக் அன்றைக்கு என்ன விலை என்பதோடு கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய சமம் என்றால் யோசிக்காமல் 16-ஐ எடுங்கள். டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பழைய லேப்டாப்பின் ராமைக் கழற்றிப் புதியதில் போடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ராம் ஸ்லாட்டா, பற்றவைத்ததா என்று டெமோ மெஷினிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ‘ஃபார்ம் ஃபாக்டர்’ என்ற வரியில் ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைத்தது. பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சரி, எப்போது காத்திருக்கலாம்? வாங்க நினைக்கும் அதே மாடலுக்கு அடுத்தது வரும் மாதம் ஏறத்தாழத் தெரிந்திருந்து, அது இரண்டு மாதத்துக்குள் என்றால். மேக்புக் ஏர் நல்ல உதாரணம். எம்3 ஏர் 2024 மார்ச்சில் வந்தது, எம்4 ஏர் 2025 மார்ச்சில் வந்தது. இந்தியாவில் எம்3-ன் ஆரம்ப விலை ரூ.1,14,900. எம்4 வந்தபோது ரூ.99,900. பிப்ரவரி 2025-ல் பட்டியல் விலை கொடுத்தவருக்கு ஒரு மாதத்தில் ரூ.15,000 போனது, கையில் இருப்பதும் பழைய சிப். இந்த மாதிரி இடத்தில் பொறுமை காசு.

தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படுகிறவர்களும் ஓரளவு பொறுத்துப் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கார்டில் 6 ஜிபி மெமரி. 2025-ல் வந்த 5050-ல் 8 ஜிபி. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் வேலை செய்பவருக்கு அந்த 2 ஜிபி பெரிய விஷயம். ஆனால் அங்கும் விளம்பரம் மறைப்பது ஒன்றுண்டு: வாட், அதாவது கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம். ஒரே 4050-ஐ லேப்டாப் கம்பெனி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் கட்டிப்போடலாம். குறைந்த வாட்டில் கட்டிய புதிய கார்டை அதிக வாட் பழைய கார்டு முந்திவிடும்.

ஏஐ லேப்டாப் என்ற ஸ்டிக்கருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். கோபைலட் பிளஸ் முத்திரைக்கு 40 டாப்ஸ் (வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) என்பியு, அதாவது ஏஐ வேலைக்கென்றே சிப்பில் இருக்கும் பகுதி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2024-ல் வரையறுத்தது. டேலியும் எக்ஸெலும் பைத்தானும் ஓட்டுகிறவருக்கு அந்த என்பியு சும்மா இருக்கும். ஜிஎஸ்டி குறையும் என்று உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆனது. லேப்டாப் முன்பே 18-ல் இருந்தது, அப்படியே இருக்கிறது.

புதிதாக வந்த முதல் மாதத்திலேயே பாய்ந்து வாங்குவதும் புத்திசாலித்தனம் இல்லை. மூடி வைத்தால் ஸ்லீப் ஆகாமல் பைக்குள் சூடாவது, வைஃபை விட்டுவிட்டு வருவது போன்ற கோளாறுகள் முதல் சில பயாஸ் (மெஷினின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டில்தான் தீரும். கீபோர்டோ டிஸ்ப்ளேயோ உடைந்தால் உள்ளூர் சர்வீஸ் சென்டரில் பார்ட் இருக்காது. புதுசு வந்த கையோடு, முந்தைய மாடல் பத்து சதவீதமாவது இறங்கினால் அதை வாங்குவதே லாபம். தாமதித்தால் 16 ஜிபி வகை முதலில் தீரும். 8 ஜிபியைத் தலையில் கட்டுவார்கள்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால், வீட்டில் இருப்பது அதுவரை தாங்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-வது ஜெனரேஷன் முதல் தேறும்: ஐ5-8250யு தேறும், ஐ5-7200யு தேறாது. ரைசனில் 3500யு தேறும், 2500யு தேறாது. தேறுகிற மெஷினில் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். ஆன் ஆக இரண்டு நிமிடம் எடுத்தது அரை நிமிடத்துக்குள் வந்து நிற்கும்.

ஆனால் ஆன் செய்து ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கிறது என்றால் எஸ்எஸ்டி மாற்றிப் பயனில்லை, அது சூடு. கீழ் மூடியைத் திறந்தால் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று வெளியே வராது. சிப் 95 டிகிரியைத் தாண்டியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் சரியாகிவிடும். பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெபாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் பாருங்கள். 41,000-க்கு 22,000 தான் ஏறுகிறது என்றால் மாற்றும் நேரம். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ கீழ் மூடியில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அதற்குமேல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

படிப்பைப் பார்த்து வாங்குவதும் முக்கியம். மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸ், காட்டியா, சிவிலில் ஸ்டாட் ப்ரோ, ரெவிட் எல்லாம் விண்டோஸுக்கு எழுதியவை. ஆப்பிள் சிப் கொண்ட மேக்கில் நேரடியாக ஓடாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு கிராஃபிக்ஸ் கார்டைவிட 16 ஜிபி ராம்தான் அவசியம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் எமுலேட்டரையும் ஒன்றாகத் திறந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். ஆர்ம் வகை சிப் உள்ள ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆடிட்டர் ஆபீஸுக்கு மட்டும் யோசித்து வாங்க வேண்டும்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் பழைய பிரிண்டருக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே காசு கொடுங்கள். இன்டெல், ஏஎம்டிக்கு எழுதியதை ஆர்மில் ஓட்டும் எமுலேஷன் சாதாரண சாஃப்ட்வேருக்குத்தான் கைகொடுக்கும், டிரைவருக்குக் கொடுக்காது.

கடையில் இரண்டு விஷயத்தை மட்டும் விடாதீர்கள், பிறகு மாற்ற முடியாதவை அவை. ஒன்று டிஸ்ப்ளே: 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45 சதவீதம் என்டிஎஸ்சி (நிற அளவு) என்று இருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படிக்க முடியாது. இன்னொன்று ஹின்ஜ், அதாவது மூடியின் கீல். உள்ளே பித்தளை நட்டுகளை வெறும் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள். ஹின்ஜ் இறுக்கமாக இருந்து, மூடியை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால், ஒரு நாள் அந்த பிளாஸ்டிக் பெயர்ந்து நட்டு கையோடு வரும். பெட்டியில் தயாரித்த அல்லது இறக்குமதியான மாதம் அச்சாகியிருக்கும், அதையும் பாருங்கள். பில் போட்டதும் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று சரிபாருங்கள். சில சமயம் ஃபேக்டரியிலிருந்து கிளம்பிய தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். பில்லை அனுப்பினால் திருத்துவார்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். லேப்டாப் விளம்பரம் தருகிறவர்களிடம் ஒரு வரி கூடுதலாகக் கேளுங்கள். ‘கோர் ஐ5-1334யு, 16 ஜிபி டிடிஆர்4, இரண்டு ஸ்லாட்டில் 8+8, 512 ஜிபி எஸ்எஸ்டி, 300 நிட்ஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’. ஒரு இன்ச் இடம்கூடப் பிடிக்காது.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு