பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாவட்டத் தடகளப் போட்டியில் பதக்கம் வென்ற பிள்ளைகளின் படத்தை உங்கள் நாளிதழில் பார்த்து மகிழ்ந்தேன். கூடவே ஓர் ஆதங்கமும் எழுந்தது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியிலிருந்து படத்தில் நிற்பவர்கள் பத்துப் பேர். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்?

என் மகள் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியுள்ள கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதாவது உடற்கல்வி வகுப்பு, இருக்கிறது. அவற்றின் மேல் பென்சிலால் 'கணக்கு', 'அறிவியல்' என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். எந்தப் புத்தகம் எடுத்துப்போவது என்று குழம்பக் கூடாதாம்! தப்பித்தவறி மைதானத்துக்கு விட்டாலும் பையன்கள் மட்டையோடு நடுவில் இறங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிறார்கள். சீருடைக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு எப்படி ஓடுவது என்று கேட்கிறாள். நியாயம்தானே? ஆடி முடித்தால் முகம் கழுவத் தண்ணீர் வேண்டும், தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை வேண்டும். இவற்றைச் செய்து தராமல் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுள்ள பெண்களில் 85 சதவீதமும் ஆண்களில் 78 சதவீதமும் அந்த அளவை எட்டவில்லை.

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காட்டு வேலையே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுக்குப் போகும் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? போக வர ஷேர் ஆட்டோ, மாலையில் டியூஷன், இரவில் செல்போன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகு வளரும் இந்தப் பிள்ளைகளுக்காவது எலும்பு உறுதிப்பட வேண்டாமா? அதற்கான வயது இதுதான். ஓட்டமும் குதியலும் இல்லாமல் பாலும் முட்டையும் மட்டும் போதாது.

தலைமையாசிரியர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தேர்வு முடிவு வந்ததும் மாவட்டம் எத்தனையாவது இடம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று 2023-இல் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ரசித்துப் பகிர்ந்தோம், அத்தோடு சரி.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். பி.டி. உள்ள நாளில் பெண்பிள்ளைகள் விளையாட்டு உடையில் வர அனுமதி வேண்டும். மைதானத்தில் அவர்களுக்கென ஒரு பகுதியைச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். அலமாரியில் பூட்டிக் கிடக்கும் த்ரோபாலும் வலையும் வெளியே வர வேண்டும். மற்ற ஊர்ப் பெற்றோரும் அவரவர் பள்ளியில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.