ஒரே டெஸ்டுக்கு இரண்டு பில்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கானாடுகாத்தானில் பல பெரிய வீடுகளில் ஆச்சிகள் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். 'மகன் பணம் அனுப்பிவிடுவார்' என்ற தைரியத்தில்தான் சில மருத்துவமனைகளில் ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்களோ என்னவோ! பக்கத்து வீட்டு ஆச்சியிடம் முந்தின நாள் எடுத்த சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டெஸ்ட்) ரிப்போர்ட் கையிலேயே இருந்தது. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. 'நம்ம லேபில் எடுத்தால்தான் டாக்டர் பார்ப்பார்' என்று மறுபடி ஊசி குத்தினார்கள். இதில் சிகிச்சையின் தரம் எங்கே கூடியது?

மருந்துச் செலவைக் குறைக்க வழி ஏற்கெனவே தெரிந்ததுதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை, கம்பெனி வைக்கும் பிராண்ட் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் (ஜெனரிக்) மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் பரிசோதித்து அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. 2025 பிப்ரவரியில், மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்கும் முதல்வர் மருந்தகங்களும் வந்துவிட்டன. சரி, சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் ஆச்சி அங்கே போய் என்னவென்று கேட்பார்?

மருந்தின் மூலப்பெயரையும் சீட்டில் புரியும்படி எழுத வேண்டும். லேப் கட்டணங்களை வாசலிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற லேபின் புது ரிப்போர்ட்டை, தகுந்த காரணம் சொல்லாமல் தள்ளக் கூடாது. மாவட்ட சுகாதாரத் துறை இவற்றைக் கண்காணிக்கட்டும்.

- ஒரு வாசகர், கானாடுகாத்தான்