அம்மிணிக்கு அம்மா எழுதுவது

கண்ணு,

டீமில் பாதிப் பேரை 'லெட் கோ' பண்ணிவிட்டார்கள், 'ஐ ஆம் கெட்டிங் பை' என்று அனுப்பியிருந்தாய். அந்தப் பாதியில் யார் யார் என்று எழுதவில்லை. அம்மிச்சி கேட்டதற்கு நல்லா இருக்கிறாளாம் என்று சொல்லி வைத்தேன். ஆனால் 'கெட் பை' நல்லா இருப்பதற்குச் சொல்வதில்லை. இருப்பதை வைத்து எப்படியோ ஓட்டுவதற்குச் சொல்வது. கஷ்டத்தைத் தாண்டி வந்தால் 'கெட் த்ரூ', மனசு ஆறினால் 'கெட் ஓவர்'. நீ 'பை' போட்டிருக்கிறாய்.

அப்பா அதை லே ஆஃப் என்று எடுத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார். அவருக்குத் தெரிந்தது சிங்காநல்லூர் மில் லே ஆஃப். பஞ்சு இல்லை, கரண்ட் இல்லை என்று நிறுத்தி வைப்பார்கள். பேர் மஸ்டரில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், இருக்கும். அன்றைக்கு இருந்த 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி வரும். மில் ஓடினால் திரும்பப் போகலாம். அமெரிக்காவில் 'லெய்ட் ஆஃப்' என்றால் பெரும்பாலும் வேலையே போனதுதான். 'லெட் கோ' அதையே மெத்தென்று சொல்வது. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உன் டீம் ஆட்கள் யாராவது இன்டர்வியூ போனால் 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்று சொல்லட்டும். 'வாஸ்' விட்டுப்போனால் இவர்களே வேறு யாரையோ நீக்கின மாதிரி ஆகும். 'ஃபயர்ட்' வேண்டவே வேண்டாம். வேலையில் குற்றம் கண்டு அனுப்பினார்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார். 'தே லெய்ட் மீ ஆஃப்' என்பதில் 'மீ' நடுவில்தான் வரணும். ஆள் பேராக இருந்தால் பின்னாலும் வரலாம். மீ, ஹிம், ஹெர் பின்னால் வரக் கூடாது. 'லே ஆஃப் மீ' என்றால் 'என்னைச் சும்மா விடு' என்று ஆகிவிடும். நான் தொணதொணப்பதற்கு அதையே நீ சொன்னாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லு.

எட்டாவதிலேயே இதெல்லாம் ஒரு பிழை இல்லாமல் எழுதின பிள்ளை நீ. அந்த இங்கிலீஷை அம்மாவிடம் மறைக்கவா வைத்திருக்கிறாய்?

உன் ஹெச்-1பி வேலை விசாவில், வேலை நின்ற மறுநாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அங்கே இருக்கலாம். எந்தத் தேதி வரை தங்கலாம் என்று போட்டிருக்கும் ஐ-94 அதற்கு முன்னாலேயே முடிந்தால் அதுவரைக்கும்தான். அதற்குள் அடுத்த கம்பெனி உனக்காக மனுப் போட்டாகணும். அவர்கள் கொடுத்த கடிதத்தில் கடைசி நாள் என்றைக்கு என்று பார். வேளைக்குச் சாப்பிடு, வெசனப்படாதே. தேதியைப் பார் கண்ணு. பார்த்து எனக்கும் அனுப்பு. அப்பாவிடம் என்ன சொல்வதென்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அம்மா