ஞாயிறன்று கிணறுகளை அளப்பது குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 7 மணி முதல் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்தில் நம் உறுப்பினர் வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்யவிருக்கிறோம். மலைகள் மழையைத் தடுக்கும் மழைமறைவுப் பகுதியில் இருக்கும் நமக்குக் கேரளத்தின் பிற பகுதிகளைப் போல மழை கிடைப்பதில்லை என்பதால், நிலத்தடி நீரே நம் கையிருப்பு.

நம் வட்டாரத்து ஊரான பிளாச்சிமடையை நாம் மறக்க முடியாது. 2000இல் அங்கே கோக்கக்கோலா குளிர்பான ஆலை தொடங்கிய சிறிது காலத்திலேயே கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகவில்லை என்று ஊர்ப் பெண்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று பழங்குடி மக்கள் ஆலை வாசலில் தொடங்கிய போராட்டத்தை அவ்வூர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னின்று நடத்தினார். 2003இல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆலையால் அப்பகுதிக்கு ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசின் உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்டது. ஊராரிடம் பழைய நீர்மட்டக் கணக்கு எழுத்தில் இருந்திருந்தால் அவர்கள் சொல்லுக்கு அன்றே வலு கூடியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் கிணற்றின் உட்சுவரில் அம்மா சுண்ணாம்பால் இட்ட கோட்டுக்குக் கீழே இரண்டு முழம் இப்போது நீர் இறங்கியிருக்கிறது. அந்தக் கோடு இல்லையென்றால் எனக்கும் இது தெரிந்திருக்காது.

சனி இரவு முதல் மோட்டார் போடாமல் இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும் ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள். வர இயலாதவர்கள் சனி மாலைக்குள் இங்கே தெரிவியுங்கள்.